ஓட்டறவனுக்குப் பின்னாடி சீட்டு

சித்த அக்கட்டால நகந்துக்கங்க தம்பி. எனக்குக் காலு நீளமுங்க, மடக்கி வெச்சா மரத்துப் போயிரும். ஆமா, அப்படித்தான். இன்னுங் கொஞ்சம். சன்னல்ல சாஞ்சுக்கங்க, காத்து வரும். நீங்க எங்க, கரூருங்களா? நல்லதுங்க. நான் வெள்ளகோயில்ல எறங்கிருவேன். அப்பறம் சீட்டு பூரா உங்களுதுதான்.

பஸ்ஸேறி வருசக் கணக்காச்சுங்க. சொந்தக் காரு இருக்குது. அதுவும் பழசில்லீங்க, எடுத்து இன்னும் ஒரு மாசங்கூட ஆகுல. அந்தக் காரு இந்நேரம் இதே ரோட்டுல எனக்கு முன்னாடி போயிட்டிருக்கும். எம் பொண்டாட்டி ஓட்டிட்டுப் போறா. நான் காங்கயத்துல எறங்கி, இங்க உங்க பக்கத்துல டிக்கெட்டு வாங்கிட்டு உக்காந்திருக்கறேன். சிரிக்கறீங்களா? இல்லீங்களா? செரி, சிரிச்சாலும் தப்பில்லீங்க. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு.

எம்பேரு தங்கமுத்துங்க. திருப்பூர்ல நூல் ஏஜெண்டு. மில்லுல இருந்து பனியன் கம்பெனிக்கு நூல் வாங்கிக் குடுக்கற வேலை. அதனால எந்நேரமும் காரும் கையுமாத்தான் இருப்பேன். பழைய காரு சின்ன செடானுங்க. அது மாதிரி சீட்டு இனி வராது. தாழ்வா இருக்கும், உக்காந்தா அப்படியே உள்ள வாங்கிக்கும், தொடை பூராத் தாங்கும். சீட்டக் கடேசி வரைக்கும் பின்னாடி தள்ளி, முதுகச் சாச்சு, ஒத்தக் கையில ஸ்டேரிங்கப் புடிச்சு ஓட்டுனா சேலம் போயிட்டுத் திரும்புனாலும் அலுப்புத் தெரியாதுங்க. டிக்கியும் பெருசு. அதுல ஒரு சாமான் போட மாட்டேன், அவ்வளவு சுத்தமா வெச்சிருப்பேன். நூல் சாம்பிள் பொட்டியெல்லாம் பின் சீட்டுல எடப்பக்கம். முன்னாடி எடப்பக்கம் எம்பட பேக்கு, தண்ணி பாட்டலு, இல்லீன்னா மில்லுக்காரரு யாராச்சும். சாந்தாமணி எனக்கு நேர் பின்னாடி. அது அவ எடமுங்க. யாரும் சொல்லி வெக்கல, தானா அமஞ்சு போச்சு.

சாந்தாமணிங்கறது எம்பட ஊட்டுக்காரிங்க. அவளுக்கு ஒரு பழக்கம். கார்ல நேரா உக்கார மாட்டா. ரெண்டு காலையும் எடப்பக்கமா ஒருக்களிச்சு வெச்சுக்கிட்டு, நூல் பொட்டி மேல கைய ஊனிக்கிட்டுத்தான் வருவா. அந்தக் காரு இருந்த வரைக்கும் அப்படித்தான். சில பேருக்கு எடதுகைப் பழக்கம் இருக்கறதில்லீங்களா, அந்த மாதிரின்னு நான் விட்டுட்டேன். நான் யாரையும் இப்படி உக்காரு அப்படி உக்காருன்னு சொல்லற ஆளில்லீங்க.

போன ஐப்பசியில அவளுக்கு இடுப்புல ஆரமிச்சு முட்டி வரைக்கும் வலி வந்துருச்சு. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். நல்ல டாக்டரு. 'ஒரே பக்கமாத் திரும்பி ரொம்ப நேரம் உக்காருவீங்களாம்மா'ன்னு கேட்டாரு. அவ என்னையப் பாத்தா. அவளுக்கு டாக்டருன்னா பயமுங்க, அதனால நாஞ் சொன்னேன். 'அப்படி ஒண்ணும் வேலை இல்லீங்க டாக்டர், ஊட்ல சும்மாதான் இருக்கறா'ன்னேன். தாழ்வா உக்காந்து எந்திரிக்கக் கூடாதுன்னாரு. தெனமும் காலுக்குப் பயிற்சி வேணும்னாரு. காலைல பயிற்சிக்குப் போயிட்டு வரட்டும்னு ஆட்டோ ஏற்பாடு பண்ணி அனுப்பி வெச்சது நாந்தானுங்க. இத மறந்துராதீங்க தம்பி, பின்னாடி வருது.

தை மாசம் அவ பொறந்த ஊட்டுப் பங்கு பிரிச்சுக் குடுத்தாங்க. அதுல புதுக் காரு எடுத்தர்லாம்னு நான் முடிவு பண்ணுனேன். அவகிட்டச் சொன்னேன். செரீங்கன்னா. எங்களுக்குக் கண்ணாலம் ஆனதுல இருந்து அவ வாயில நான் அதிகமாக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதானுங்க. செரீங்க. எம்பட சிநேகிதங்க ஊட்லயெல்லாம் எந்நேரமும் சண்டை. எங்க ஊட்ல ஒரு சத்தம் கெடையாது. குடுத்து வெச்சவன்டா நீன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

காரு வாங்கறதுன்னா நான் வெளையாட்டில்லீங்க. ஷோரூம் ஷோரூமா ஏறி எறங்குனோம். ஒருத்தன் பெயிண்டப் பாப்பான், இன்னொருத்தன் டச் ஸ்கிரீனப் பாப்பான். நான் உள்ள உக்கார்ற எடத்தத்தான் பாப்பேன். மனுசன் உக்காரத்தானுங்களே காரு? கைய விரிச்சு சாண் போட்டுப் பாப்பேன். முட்டிக்கும் முன் சீட்டு முதுகுக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கோணும். தலைக்கும் கூரைக்கும் நடுவுல நாலு வெரல்கடை. அவ்வளவுதான் எம்பட கணக்கு.

எல்லா ஷோரூம்லயும் பின் சீட்டுல ஒரு சாணுக்கு மேலயே இருந்துச்சுங்க. எனக்கு ரொம்பத் திருப்தி. கடேசியாப் போன ஷோரூம்ல ஒரு பொண்ணு, மோனிஷான்னு பேரு, அதுதான் ஒரு புதுக் கதை சொல்லுச்சு. "சார், இங்க எல்லா வண்டியிலயும் முன் சீட்ட முன்னாடி இழுத்துத்தான் வெச்சிருப்பாங்க. நீங்க மொதல்ல ஓட்டற சீட்ட உங்க ஒயரத்துக்குத் தள்ளி வெச்சுக்கங்க. அப்பறம் எறங்கி, அதுக்குப் பின்னாடி நீங்களே உக்காந்து பாருங்க. அப்பத்தான் நெசமான எடம் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏம்மா, ஓட்டறவன் நானு. எனக்குப் பின்னாடி நானே எதுக்கும்மா உக்காரப் போறேன்?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணும் சாந்தாமணியும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். அதுல என்ன இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்.

மொதல்ல செடான். நான் ஸ்டேரிங்குல உக்காந்தேன். சீட்டக் கடேசிக்குத் தள்ளுனேன். அடடா, பழைய காரு மறுபடியும் பொறந்து வந்த மாதிரி இருந்துச்சுங்க. சாந்தாமணி வழக்கம்போல எம் பின்னாடி ஏறுனா. கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் குனிஞ்சு உள்ள உக்காந்தா, புதுக் கார்ல அப்படித்தானுங்களே. மோனிஷா எட்டிப் பாத்து, "மேடம், உங்களுக்குச் சௌரியமா இருக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சு. "அதெல்லாம் நல்லாருக்குது"ன்னேன். "இல்லைங்க சார், மேடத்தக் கேட்டேன்"னுச்சு. "மேடமும் அதத்தான் சொல்லுது"ன்னேன். கண்ணாடில பாத்தேன், சாந்தாமணி காலை ஒருக்களிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பாருங்க, புதுக் கார்ல ஏறுன ஒடனே பழைய பழக்கம்.

அப்பறம் அந்தச் சின்ன எஸ்யூவி. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க தம்பி, நாளைக்கு நீங்களும் வாங்குவீங்க. ஏமாந்தராதீங்க. வெளிய பாத்தா மலை மாதிரி நிக்கும். நீளத்த அளந்தா ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதான். செடான்ல காலை நீட்டி உக்காருவோம். இதுல நாக்காலில உக்காந்த மாதிரி நெட்டுக்குத்தலா உக்காரோணும். அப்படி உக்காந்தா காலுக்கு எடங் கம்மியாப் போதும், அதான் உள்ள பெருசாத் தெரியுது. மிச்ச எடமெல்லாம் தலைக்கு மேல கெடக்குது. தலைக்கு மேல எடத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பரணா கட்டப் போறேன்? சீட்டும் கெட்டி. வளைவுல திருப்புனா ஒடம்பு ஆடும். எனக்கு ஆகுல. உங்க காலக் கொஞ்சம் அந்தக் கம்பிக்கு அந்தாண்ட வெச்சுக்கங்க, என்னுது இடிக்குது. ஆங்.

இவ என்ன பண்ணுனா, பின் கதவத் தொறந்து, குனியாமக் கொள்ளாம, கட்டல்ல உக்கார்ற மாதிரி அப்படியே உக்காந்து காலை உள்ள எடுத்து வெச்சுக்கிட்டா. நான் டயரப் பாத்துட்டு வந்தா, இவ பின் சீட்ல இல்ல. ஓட்டற சீட்டுல உக்காந்திருக்கறா. மோனிஷா பக்கத்துல நின்னு என்னமோ காட்டிட்டிருக்குது. "சும்மா உக்காந்து பாக்கறேனுங்க"ன்னா. "வேணும்னா ஒரு போட்டோவும் எடுத்துக்க"ன்னு நானே சிரிச்சுட்டுச் சொன்னேன். போட்டோ வேண்டாம்னுட்டா. எறங்கு, நேரமாச்சுன்னேன். செரீங்கன்னு எறங்குனா. எறங்கறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடிய அவ ஒயரத்துக்குத் திருப்பி வெச்சிருந்தத நான் கவனிச்சேனுங்க. கவனிச்சும் எனக்கு உறைக்கல. நம்பிக்கை தம்பி. நம்பிக்கைன்னா கண்ணு தெரியாது.

செடான புக் பண்ணிட்டு வந்தோம். அவ பேர்லதான் புக் பண்ணுனேன். பணம் அவுளுதாச்சே, எனக்கும் நாயம் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் அவ போனு அடிச்சுது. அவ குளிக்கறா, நான் எடுத்தேன். மோனிஷா. "மேடம், உங்க எஸ்யூவி வந்துருச்சு, வெள்ளிக்கெழமை டெலிவரி எடுத்துக்கலாம்"னுச்சு. நான் சொன்னேன், "அம்மா, நாங்க புக் பண்ணது செடானு, நீ ஆள மாத்திக் கூப்புட்ட"ன்னேன். "சார், மேடம் அடுத்த நாளே வந்து மாத்திட்டாங்களே, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க"ன்னுச்சு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் அங்க பழைய கார வெலை பேசிட்டு, சிநேகிதங்களுக்கெல்லாம் புது செடானு வருதுன்னு சொல்லிட்டுத் திரியறேன். இவ எங் கண்ணுல மண்ணத் தூவிட்டு, எனக்குத் தெனமும் காப்பி ஆத்திக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கறா.

தலையத் தொவட்டிட்டு வந்தா. கேட்டேன். "மாத்துனியா?" "மாத்துனேனுங்க." மறைக்கல பாத்துக்கங்க. அதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. மறைக்கறவளாயிருந்தா திட்டியாச்சும் தீத்துக்கலாம். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா"ன்னேன். "சொன்னா வேண்டாம்பீங்க, அதனால சொல்லுலீங்க"ன்னா.

"அந்தச் செடான்ல உக்காந்தப்ப சௌரியமா இருக்குதுன்னு சொன்னியே, அது என்ன?"ன்னு கேட்டேன்.

"நான் எங்கீங்க சொன்னேன்? நீங்கதான சொன்னீங்க"ங்கறா.

நீங்களே சொல்லுங்க தம்பி. புருசன் சொன்னா என்ன, பொண்டாட்டி சொன்னா என்ன? ரெண்டும் ஒண்ணில்லீங்களா? இத்தன வருசம் ஒண்ணாத்தான இருந்துச்சு?

அதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. வண்டி எது வந்தாலும் ஓட்டப் போறது நாந்தான, போவுதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். வெள்ளிக்கெழமை புது வேட்டி கட்டிட்டுப் போனேன். மாலை போட்டு, சந்தனம் வெச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. கோயமுத்தூர்ல இருந்து எம் பொண்ணு கீர்த்தனாவும் வந்திருந்தா. அட்டையில பெருசா சாவி செஞ்சு வெச்சிருப்பாங்க, போட்டோவுக்கு. நான் கைய நீட்டுனேன். மோனிஷா என்னையத் தாண்டிப் போயி சாந்தாமணி கையில குடுத்துச்சு. போட்டோவுக்குத்தானன்னு நின்னேன். அப்பறம் நெசச் சாவியும் அங்கதான் போச்சு. இவ முந்தானைய இழுத்துச் சொருகிட்டு ஏறி, சீட்டு பெல்ட்டு மாட்டி, கண்ணாடியத் திருப்பி, எலுமிச்சம்பழம் நசுங்க வண்டிய எடுத்தா. ஒரு குலுங்கல் இல்ல. நான் மாலைல இருந்து உதுந்த பூவு மேல நின்னுட்டிருந்தேன்.

கால் பயிற்சின்னு போனாளே, ஞாபகமிருக்குதுங்களா? போனது கால் பயிற்சிதான், பொய்யில்ல. அது முடிஞ்சு அதே தெருவுல ஒரு டிரைவிங் ஸ்கூல். மார்கழில இருந்து. கீர்த்தனாதான் சேத்து விட்டிருக்கறா. ஆட்டோக்காரனுக்குத் தெரியும். எதிரூட்டு டீச்சருக்குத் தெரியும். அந்த டிரைவிங் ஸ்கூல்காரன் நான் டீ குடிக்கற கடைக்குத்தான் வருவான். தெனமும் எனக்கு வணக்கம் வெப்பான். பதிலுக்கு நானும் வெச்சிருக்கறேனுங்க. ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டுந் தெரியல. முதுகுல குத்துறதுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கீர்த்தனாவப் புடிச்சு சத்தம் போட்டேன். "அப்பா, அம்மா தாழ்வா உக்காரக் கூடாதுன்னு டாக்டர் உங்க முன்னாடி தான சொன்னாரு"ன்னா. சொன்னாரு, நான் இல்லைங்கல. அதுக்கு எம் பின்னாடி சீட்டுல ஒரு தலையாணி போட்டிருக்க மாட்டனா? கேட்டாத்தானுங்களே தெரியும். வாயத் தொறந்து கேக்கோணும்.

காரு போனதுகூடப் பெருசில்லீங்க தம்பி. எனக்கு வேற ஒண்ணுதான் அரிக்குது. இவ செடானுக்கும் செரீங்கன்னுதான் சொன்னா. அதே கொரலு. அதே மொகம். அப்படீன்னா மத்ததெல்லாம்? எங்கம்மா கடேசி வரைக்கும் நம்ம கூடத்தான்னேன், செரீங்கன்னா. டெய்லரிங் கடை வெக்கறேன்னு ஒரு தடவை கேட்டா, அதெல்லாம் எதுக்குன்னேன், செரீங்கன்னா. ஊட்டிக்குக் கெளம்பி மேட்டுப்பாளையத்தோட வண்டியத் திருப்பிட்டேன், மில்லுல அவசரம்னு. அன்னைக்கும் செரீங்கதான். இப்ப ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறேன். எது நெசம், எது பொய்யின்னு எனக்குப் பிரிக்கத் தெரியலீங்க. ஒரு ஆயுசு பூரா ஒருத்தி கூட இருந்துட்டு இப்ப இதப் பிரிக்கத் தெரியாம உக்காந்திருக்கறேன். மனசு விட்டுப் போச்சுங்க. இல்லீங்க, கண்ணுல தூசி. நீங்க சன்னலச் சாத்த வேண்டாம்.

வண்டி வந்ததுல இருந்து நான் அதுல ஏறவே இல்லீங்க. ஸ்கூட்டர்லதான் போவேன். இன்னைக்கு வெள்ளகோயில்ல எங்கக்கா மக வயித்துப் பேரனுக்குக் காது குத்து. தாய்மாமன் சீரு அக்கா பையன் வெக்கோணும், அவன் வெளிநாட்டுல இருக்கறான், அவனுக்குப் பதிலா நாங்க எடுத்துட்டுப் போறோம். தனித்தனியாப் போனா எங்கக்கா கேட்டே கொன்னுருவா. அதனால மானத்தக் காப்பாத்த ஏறுனேன்.

முன் சீட்டு காலிதான். ஆனா அவ ஓட்ட, பக்கத்துல நான் வேடிக்கை பாத்துட்டுப் போறத எவனாச்சும் பாத்தா? பின்னாடி உக்காந்தா டிரைவரு வெச்சு ஓட்டறாங்கன்னு நெனச்சுக்குவான். சீர்த்தட்டெல்லாம் பின் சீட்டுல எடப்பக்கம் அடுக்கியாச்சு. மிச்சமிருந்தது ஓட்டறவளுக்குப் பின்னாடி சீட்டுதான். ஏறி உக்காந்தேன். முட்டி முன் சீட்டுல லேசா ஒட்டுச்சு. நான் ஒண்ணுஞ் சொல்லல. நான் வாயே தொறக்கலீங்க, சத்தியமா.

அவ கண்ணாடில பாத்தா. குனிஞ்சு சீட்டுக்கு அடியில கைய விட்டு, 'கடக்'குன்னு முன்னாடி இழுத்தா. அப்பறம் இன்னொரு தடவை. ஸ்டேரிங்கு அவ நெஞ்சுல இடிக்காத கொறைதான். அப்படி ஒடுங்கிக்கிட்டு ஓட்டிட்டு வந்தா, காங்கயம் வரைக்கும்.

எனக்கு முன்னாடி எவ்வளவு எடங்கறீங்க! சாணெல்லாம் இல்லீங்க, மொழம். காலு மேல காலு போடலாம். சீட்டு கெட்டின்னு அன்னைக்குச் சொன்னேன், இப்ப இடுப்புக்கு எதமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிப் போடறேன். ஏசி காத்து நேரா மொகத்துக்கு வருது. நான் என்னையறியாமத் தூங்கிட்டேனுங்க. அப்படியொரு தூக்கம்.

காங்கயம் பக்கத்துல முழிப்பு வந்துச்சு. கண்ணாடில அவ கண்ணு. மெதுவாக் கேட்டா. "காலு நல்லா நீட்ட முடியுதுங்களா?"

நிறுத்துன்னேன். "ஏனுங்க?"ன்னா. வண்டிய நிறுத்துன்னேன். ஓரங்கட்டி நிறுத்துனா. எறங்கிட்டேன். சீர்த்தட்டுகூட எடுக்கலீங்க, அப்படியே வந்து இந்த பஸ்ஸுல ஏறிட்டேன். அவ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டா.

நீங்க படிச்சவரு, வெளி ஆளு, நாயமாச் சொல்லுங்க. அது குத்திக் காட்டறதில்லாம வேற என்னங்க? வேணும்னே எடத்த விட்டுக் குடுத்து, வேணும்னே தூங்க வெச்சு, அப்பறம் காலு நீட்ட முடியுதான்னு ஒரு கேள்வி. பெத்த தகப்பன்கூட என்னைய இப்படிக் கேட்டு அவமானப்படுத்துனதில்லீங்க. நானும் அத்தன வருசம் அவளப் பின்னாடி உக்கார வெச்சு ஊரெல்லாம் ஓட்டிட்டுப் போயிருக்கறேன். மனசுல கைய வெச்சுச் சொல்றேன் தம்பி, ஒரு நாள், ஒரே ஒரு நாளாச்சும் நான் அவள அப்படிக் கேட்டது கெடையாதுங்க.